ஏலம் எடுத்தாச்சு, பொருள் வரலை: ஆன்லைன் ஏலத்தில் பழைய டர்ன்டேபிள் வாங்கிய அனுபவம்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர், பழைய தோரன்ஸ் டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) வாங்க ஆன்லைன் ஏலத்தை நம்பலாமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பதில் நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். அதிகபட்சத் தொகையைச் சொல்லிவிட்டால் தளமே நமக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். தளத்தின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஜெர்மன் வீடுகளின் நிலவறையில் தூங்கும் டூவல், தோரன்ஸ், பிரவுன் கம்பெனிகளின் டர்ன்டேபிள்கள் எல்லாம் இவ்வளவு குறைந்த விலைக்கு வேறு எங்கே கிடைக்கும்? என் வீட்டில் ஓடும் டூவல் 1219 இப்படி வந்ததுதான். விற்ற பெரியவர் சுழலும் தட்டைத் தனியாகக் கழற்றி, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மைக் கட்டி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, ஊசி எங்கே கிடைக்கும் என்று கைப்பட எழுதிய சீட்டையும் உள்ளே போட்டிருந்தார். கடைக்காரன்கூட இப்படிச் செய்ய மாட்டான். பண விஷயத்திலும் குறை இல்லை, ரத்தான ஏலங்களுக்குக் கட்டியது ஒரு சென்ட் குறையாமல் திரும்பியிருக்கிறது.

அந்த "ரத்தான ஏலங்கள்"தான் என் பிரச்சினை.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். தோரன்ஸ் டிடி 160, 1 யூரோவில் தொடங்கிய ஏலம், நல்ல வெயில் நாள் என்பதால் போட்டிக்கு ஆளே இல்லை, சந்தை விலையில் பாதிகூட வராமல் என் கைக்கு வந்தது, உடனே பணமும் கட்டிவிட்டேன். மறுநாள் காலை தகவல்: பேக் செய்யும்போது கீழே விழுந்து உடைந்துவிட்டது, மன்னிக்கவும். சரி, உடைவதும் நடக்கும். ஆனால் அதே வாரம் அதே டிடி 160, மரச்சட்டத்தில் அதே கீறல், படத்தில் அதே கம்பளம், இரண்டு மடங்குக்கும் மேலான நிலையான விலையில் மறுபடி வந்து நிற்கிறது. விழுந்ததில் விலை ஏறிவிட்டது போல.

மாட்டுச் சந்தையில் விலை முடிந்து கயிறு கை மாறிய பிறகு "இல்லை, வேண்டாம்" என்று பிடுங்கினால் ஊரே கூடிக் கேட்கும். இங்கே கேட்க ஆள் இல்லை. புகார் கொடுத்தால், உங்கள் பணம் வந்துவிட்டது, எனவே பிரச்சினை தீர்ந்தது என்று பதில் வருகிறது. நான் கேட்டது பணத்தையா?

இன்னொரு தந்திரமும் உண்டு. விற்பவர் தன் பக்கத்துக் காரணத்தைச் சொல்லி ரத்து செய்தால் அவர் கணக்கின் மதிப்பீடு அடிபடும், அதனால் "வாங்குபவர் கேட்டுக்கொண்டதால்" என்பதைக் காரணமாகப் போடப் பார்ப்பார்கள். அவசரத்தில் அதற்குச் சம்மதித்துவிடாதீர்கள்.

விற்பவர் பக்கமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஏலத்தை எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் காணாமல் போகிறவர்கள் ஏராளம். அப்பா வைத்திருந்த டர்ன்டேபிள் முப்பது யூரோவுக்குப் போவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். எரியட்டும், ஆனால் தொடக்க விலை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் 150 என்று போட வேண்டியதுதானே! 1 யூரோ என்று போட்டுக் கூட்டம் சேர்ப்பது, கூட்டம் வரவில்லை என்றால் கடையைக் கட்டுவது, இது என்ன நியாயம்?

சட்டம் நம் பக்கம்தான், அதுதான் இன்னும் எரிச்சல். 2014-இல் கார்ல்ஸ்ரூவே நகரிலுள்ள ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு, இபே என்ற ஆன்லைன் ஏலத் தளம் சம்பந்தமான ஒரு வழக்கு வந்தது. 1 யூரோவில் ஏலத்துக்கு வந்த பழைய ஃபோக்ஸ்வாகன் பஸாட் கார், ஒருவர் அதிகபட்சம் 555.55 யூரோ வைத்திருந்தார், விற்றவர் வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் ஏலத்தைப் பாதியில் நிறுத்தினார். கேட்டவர் ஒருவரே என்பதால் விலை 1 யூரோ, காரின் மதிப்பு 5,250, ஆகவே 5,249 யூரோ நஷ்டஈடு என்று தீர்ப்பு. பாதியில் நிறுத்தியதற்கே இப்படி என்றால் முடிந்த ஏலத்துக்குக் கேட்கவே வேண்டாம். (இதைப் பார்த்துவிட்டு, கண்ட ஏலத்திலெல்லாம் குறைந்த தொகை போட்டு, எவர் ரத்து செய்வார் என்று வழக்கோடு காத்திருந்தவர்களும் உண்டு, அது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று தள்ளிய நீதிமன்றங்களும் உண்டு.)

ஆனால் டர்ன்டேபிளுக்கு யார் கோர்ட் ஏறுவது? நானும் கெடு வைத்து, சட்டப் பிரிவெல்லாம் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். பதிலே இல்லை. நூறு சொச்சம் யூரோ வித்தியாசத்துக்காகச் சந்தை மதிப்பை நிரூபித்துக்கொண்டு திரிய எனக்கும் நேரமில்லை, அது அவர்களுக்கும் தெரியும்.

மதிப்பெண்ணா? கிடைத்த பொருள்களுக்கு ஐந்துக்கு நாலரை. மொத்தத்தில் ஒன்று. சராசரி போட்டுக் கேட்காதீர்கள், இன்றைக்கு ஒன்றுதான், அடுத்த மாதம் கேட்டால் வேறு சொல்வேன்.

இத்தனைக்கும் பிறகும் ஏலம்தான் என்றால், நேரில் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கும் பக்கத்து ஊர்ப் பொருளாகப் பாருங்கள். முடிந்த அன்றே, கிளம்பிவிட்டேன், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று எழுதிவிடுங்கள். வாசலில் வந்து நிற்கிறவரிடம் உடைந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் நிஜமாகவே உடைக்க வேண்டியிருக்கும்.