‘பாக்கி ஏதுமில்லை’ என்று கையெழுத்துப் போட்டு இரண்டு ஆண்டு போனஸை இழந்தேன்

மன்னார்குடிக்கு அருகில் நாற்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு நவீன அரிசி ஆலையில் ஆறு ஆண்டுகள் கணக்கராக இருந்துவிட்டு, 2022 செப்டம்பர் 15 அன்று விலகினேன். அன்று நான் போட்ட ஒரு கையெழுத்தால் எனக்கு என்ன நேர்ந்தது என்பதை, இப்போது வேலை மாறும் எண்ணத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

திருச்சியில் வேறு வேலை கிடைத்ததால் ஜூலையிலேயே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். அந்த ஆண்டு மேட்டூர் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டுக் குறுவை முன்கூட்டியே தொடங்கியிருந்ததால், நெல் வரத்து முடியும்வரை இருந்து கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போகும்படி மேலாளர் கேட்டுக்கொண்டார். ஆறு ஆண்டு உப்பைத் தின்ற இடம் என்று நானும் சம்மதித்தேன். அப்போதே போனஸைப் பற்றிக் கேட்டேன். “அதுக்கென்ன தம்பி, தீபாவளிக்கு எல்லாரோடயும் வந்து வாங்கிக்கங்க” என்றார். அந்தச் சொல்லை நம்பினேன், எழுதி வாங்கவில்லை.

கடைசி நாளன்று பதினைந்து நாள் சம்பளத்துக்கான வவுச்சரை நீட்டினார்கள். தொகையை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ரெவின்யூ ஸ்டாம்புக்கு மேல் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்புக்குச் சற்று மேலே, தொகையைவிடச் சிறிய எழுத்தில், ‘சம்பளம், போனஸ் உட்பட எனக்கு வரவேண்டிய பாக்கி ஏதுமில்லை, இனி எதையும் கோர மாட்டேன்’ என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. ஆறு ஆண்டுகளில் எத்தனையோ பேரிடம் நானே அந்த வவுச்சரை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட அந்த வரியை நின்று படித்ததில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அக்டோபர் 24 தீபாவளி. அதற்கு நான்கு நாள் முன்பு ஆலைக்குப் போனேன். அங்கு வழக்கமாக ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகத் தருவார்கள். என் கணக்கில் அது 18,000 ரூபாய். எங்களுக்கிருக்கும் மூன்று மா நிலத்தில் சம்பா நடவுக்கும் நாற்றுப் பறிப்புக்கும் ஆள் கூலி அந்தப் பணத்திலிருந்துதான் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். “இப்ப ரோல்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தம்பி” என்று சொல்லி, என் வவுச்சரை எடுத்துக் காட்டினார் மேலாளர். பேச வாய் வரவில்லை. நடவுக் கூலிக்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்தோம்.

‘ரோலில் இருப்பவர்களுக்கு மட்டும்’ என்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. அப்போது நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் ஒரு கணக்கு ஆண்டில் 30 வேலை நாட்கள் பணிசெய்திருந்தாலே அந்த ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் பெற உரிமையுடையவர். மோசடி, திருட்டு, வன்முறை, நாசவேலை போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவருக்குத்தான் அது கிடையாது. தானாக விலகியவருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. ஆகவே நான் முழுமையாக உழைத்த 2021-22க்கும், ஏப்ரல் முதல் செப்டம்பர் பாதி வரை உழைத்ததற்கான 2022-23 பங்கும் எனக்குச் சேர வேண்டியவை. சட்டக் கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 7,000 ரூபாய் அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது என்பதால், ஆலை வழக்கமாகத் தரும் தொகையைவிடக் குறைவாக வந்திருக்கலாம். ஆனால் வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டியதில்லை.

குறைந்தபட்ச போனஸை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்று அதே சட்டம் சொன்னது. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது 2025 தொடக்கத்தில், தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர் ஒருவர் விளக்கியபோதுதான். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் வழங்கப்பட வேண்டும். வராவிட்டால் அதிலிருந்து ஓராண்டுக்குள் அரசிடம் மனுச் செய்ய வேண்டும் என்பது அப்போதைய விதி. என் இரண்டு ஆண்டுகளுக்குமே கெடு கடந்திருந்தது. போதிய காரணம் காட்டினால் பிறகும் ஏற்பார்கள் என்றாலும், தெரியாது என்பதைத் தவிர என்னிடம் காட்ட எதுவுமில்லை. பழைய போனஸ் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பில் கோரிக்கைக்கான காலம் மூன்று ஆண்டுகளாகியிருக்கிறது. 30 நாள் விதியும் 8.33 சதவீதமும் அப்படியே தொடர்கின்றன. பெரிய சம்பளக்காரர்களுக்கும், ஊக்கத்தொகை என்ற பெயரில் தனியாக வாங்குபவர்களுக்கும் நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் பேசும். ‘வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும்’ என்ற வரி அதில் இருக்கிறதா என்று ராஜினாமா தேதியைக் குறிக்கும் முன்பே பாருங்கள்.

எனக்கு அடுத்த மாதம் அதே ஆலையின் எடைமேடையில் இருந்த தங்கை ஒருத்தி விலகினாள். அவளிடமும் அதே வவுச்சரைத்தான் நீட்டினார்கள். அவள் அந்த வரியில் ‘போனஸ்’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, ‘2021-22, 2022-23 போனஸ் நீங்கலாக’ என்று கையால் எழுதி, மேலாளரிடம் சுருக்கொப்பம் வாங்கி, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போட்டாள். நவம்பர் கடைசி வாரத்தில் முதல் ஆண்டுக்கான தொகை அவள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது.