பழைய ஃபோர்டு தொழிற்சாலை: அம்மாவோடு ஒரு காலை

சிங்கப்பூரின் மேல் புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது இந்தப் போர்க்கால வரலாற்றுக் காட்சியகம். 78 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹில்வியூ ரயில் நிலையத்தில் இறங்கிப் போனேன். சிங்கப்பூரர்களுக்கு நுழைவு இலவசம்.

எல்லாரும் நேராகப் போவது சரணடைந்த அறைக்குத்தான். 1942 பிப்ரவரி 15 மாலை, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டுக் கொடுத்த இடம் அது. சின்ன அறை. அங்கே அம்மா வெகுநேரம் பேசவே இல்லை.

ஆனால் நான் சொல்வேன், போருக்கு முந்தைய கதையை அவசரமாகத் தாண்டாதீர்கள். போர் என்றால் 1939இல் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்ததுதான் தொடக்கம் என்று படித்தோம். ஆசியாவில் 1937லேயே ஜப்பான் சீனாவோடு முழுப்போரில் இறங்கிவிட்டது. 1941 ஜூலையில் ஜப்பானியப் படை தெற்கு இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம் பக்கம்) போனதும் அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது. ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயும் ரப்பரும் வெள்ளீயமும் தெற்கே இருந்தன. டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியர்கள் மலாயாவின் கோத்தா பாருவில் தரையிறங்கினார்கள். அன்றே சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. எழுபதே நாளில் தீவு கைமாறியது. இந்த நிகழ்வுக் கோவையைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சின்ன அறை வேறு மாதிரி தெரியும்.

அப்புறம் வெளியே வந்ததும் அம்மா, பாட்டி மரவள்ளிக்கிழங்கை அவித்தே பிள்ளைகளை வளர்த்த கதையைச் சொன்னார். அதுவரை எனக்குச் சொன்னதே இல்லை. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு போங்கள்.