சினைத் தேதியைக் கேட்டபின் மூட்டையை எடுக்கும் கடை

பள்ளிகொண்டாப் பக்கம் உள்ள ஒரு சிறிய தீவனக் கடையில் ஒன்றரை ஆண்டாகத் தீவனம் வாங்கி வருகிறேன். சினைமாட்டுக்கு என்று கேட்டால் அங்கே உடனே மூட்டை வராது, “எப்போ ஊசி போட்டீங்கண்ணா?” என்று செயற்கைக் கருவூட்டல் ஊசி போட்ட தேதியைக் கேட்கும் கேள்விதான் முதலில் வரும். நான்கு மாதச் சினைக்கும் எட்டு மாதச் சினைக்கும் ஒரே தீவனத்தைத் தூக்கிப் போடும் கடைகளிலேயே பழகிய எனக்கு, அந்தக் கேள்வியே அக்கடையின் மீது மதிப்பை உண்டாக்கியது.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்றின் பிறப்பு எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. நம் ஊரில் எந்தக் காளையின் ஊசி என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். கன்று ஒன்பது மாதம் குடியிருக்கும் வயிற்றைப் பற்றி அவ்வளவு விசாரிப்பதில்லை. 1938-இல் வெளியிட்ட ஆய்வில், கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் வால்டனும் ஹாமண்டும் மிகப் பெரிய ஷயர் குதிரைகளையும் குள்ளமான ஷெட்லண்டு குதிரைகளையும் இரு வழியிலும் கலந்து பார்த்தபோது, ஷயர் தாய் ஈன்ற குட்டி ஷெட்லண்டு தாய் ஈன்ற குட்டியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடையுடன் பிறந்தது. இரண்டு குட்டிகளும் அதே இரண்டு இனங்களின் கலப்புதான். அவை வளர்ந்த கருப்பைதான் வேறு.

என் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு, ஏழாம் மாதம் முதல் இந்தக் கடையின் சினைமாட்டுத் தீவனத்தையும் தாது உப்புக் கலவையையும் கொடுத்தேன். தலைச்சன் கன்று எழுந்து நிற்கவே தடுமாறியது. இந்த முறை பிறந்த கிடேரி அரை மணி நேரத்தில் தானாக எழுந்து மடியைத் தேடியது. இரண்டாம் ஈத்துக் கன்று பொதுவாகவே சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால், முழுப் பெருமையையும் தீவனத்துக்குத் தர மாட்டேன். மூட்டையில் தூள் குறைவு, பூஞ்சை வாடை இல்லை, மாடு மிச்சம் வைக்கவில்லை.

தீவனத்தைவிட எனக்குப் பயன்பட்டது, மூட்டையோடு அவர்கள் கொடுத்த ஒரு துண்டுச்சீட்டு. நஞ்சுக்கொடி விழும் வரை காத்திராமல், ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்ட வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் அவை கிடைக்க வேண்டும், அவற்றை அப்படியே உறிஞ்சும் திறனும் கன்றின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் இருக்கிறது. என் தாயார் காலத்தில் கொடி விழும் வரை கன்றைப் பட்டினி போட்டதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

குறையும் உண்டு. கடைசி மாதத்தில் கால்சியம் டானிக்கையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். ஈனுவதற்கு முன் கால்சியத்தை அதிகமாகக் கொடுத்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் வேலையை உடல் மந்தப்படுத்திக்கொள்கிறது. கன்று போட்டதும் பால் திடீரெனச் சுரக்கும்போது, ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சலில் மாடு படுத்துவிடும் ஆபத்து கூடுகிறது. நான் கால்நடை மருத்துவரைக் கேட்டு டானிக்கை விட்டுவிட்டேன். நீங்களும் கேட்டுவிட்டே வாங்குங்கள். வேலூர் வெயிலில் நிறைசினை மாட்டுக்கு நிழலும் தண்ணீரும் எவ்வளவு முக்கியம் என்பதும் அந்தச் சீட்டில் இல்லை. வெப்பம் தாயைத் தாக்கினால் கன்று எடை குறைந்து பிறக்கும் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

விலை சாதாரணத் தீவனத்தைவிட அதிகம்தான். மூன்று மாதத்துக்கு மட்டும் என்பதால் எனக்குக் கட்டுப்படியாகிறது. செவ்வாய்க்கிழமை கடைக்காரர் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்விடுவார். அன்று பிற்பகலில்தான் கடை திறந்திருக்கும். ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.