கொலம்போ: ‘லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்’, நல்ல தொடக்கம், தள்ளாடும் மீதி

‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரை வரிசையாகப் பார்த்து வருகிறவர்கள் ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோடுக்கு வந்ததும் குழம்பிப்போவார்கள். 1976 மே மாதம் என்பிசி தொலைக்காட்சியில் வந்தது இது. இந்தத் தொடர் மேல் எனக்குத் தீராத பிரியம், அதனாலேயே இந்த எபிசோட் மேல் கோபமும் உண்டு. முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

வழக்கமாகக் கொலையாளி யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அப்புறம் பணமும் திமிரும் உள்ள ஓர் ஆள், கசங்கிய மழைக்கோட்டோடு வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குடையும் போலீஸ்காரர் கொலம்போ, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கும் ஆட்டம்தான் கதை.

இங்கே அந்தப் பணக்கார ஆளாக நடிகர் ராபர்ட் வான். முந்தின சீசனில் ‘ட்ரபுள்டு வாட்டர்ஸ்’ எபிசோடில் கப்பலில் கொலை செய்து மாட்டிக்கொண்டவர், இதில் படகு கட்டும் கம்பெனிக்காரர் கமடோர் ஸ்வான்சனின் மருமகன் சார்லஸாக வருகிறார். மாமனார் செத்துக்கிடக்கிறார். இவர் தடயத்தை அழிக்கிறார், மாமனாரின் உடையைப் போட்டுக்கொண்டு பிணத்தோடு ராத்திரியில் படகை ஓட்டிப்போய்க் கடலில் தள்ளிவிட்டு நீந்திக் கரை சேர்கிறார். அதிகம் பேச்சில்லாத இந்தப் பகுதி அருமை. கொலையை மட்டும் காட்டவில்லை என்பது நமக்கு உறைக்காது, இத்தனை வருஷமாக நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பிற்பாதியில் சார்லஸே பிணமாகக் கிடக்கும்போது தூக்கிவாரிப்போடுகிறது. மனைவிதான் கொன்றாள் என்று நினைத்து அவளைக் காப்பாற்றவே அவர் இத்தனையும் செய்தார் என்று தெரியவரும்போது கதை இன்னும் கனக்கிறது.

விதியை மீறியதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் சார்லஸ் போன பிறகு கொலம்போவுக்கு எதிரே நிற்க ஆளில்லை. மிஞ்சுகிற குடும்பத்தாரில் யார் மேலும் நமக்கு அக்கறை வர அவகாசமே தரவில்லை. கொலம்போவாக வரும் பீட்டர் ஃபாக்கின் நடிப்பும் வேறு தினுசு. ஆளோடு ஆள் ஒட்டி உட்கார்ந்து தோளில் கை போடுகிறார், சம்மணம் போட்டுத் தியானம் செய்கிறார், வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசுகிறார். கொலம்போவின் பலமே அந்தக் கூச்சமும் தயக்கமும்தான், பணக்கார வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாத ஆள் மாதிரி நிற்பதுதான். அதை எடுத்துவிட்டால் எதிராளி எதை நம்பி ஏமாறுவான்? போதாக்குறைக்கு இரண்டு உதவியாளர்கள் கூடவே சுற்றுகிறார்கள், அவருடைய பழைய காருக்குள் அடைத்துக்கொண்டு ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும் காட்சி எப்போதடா முடியும் என்றிருந்தது.

இயக்கியவர் பேட்ரிக் மெக்கூஹன் என்பதுதான் மனசு ஆறாத விஷயம். இதே தொடரின் ‘பை டான்ஸ் எர்லி லைட்’ எபிசோடில் ராணுவப் பள்ளிக் கர்னலாக நடித்து எம்மி என்ற தொலைக்காட்சி விருதை வாங்கிய மனிதர், 1990-ல் ‘அஜெண்டா ஃபார் மர்டர்’ எபிசோடை இயக்கி நடித்து மறுபடியும் எம்மி வாங்கினார். அது எவ்வளவு கச்சிதம்! இதில் ஒவ்வொரு காட்சியும் வெட்ட வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுகிறது.

முடிவில் கொலம்போ எல்லோரையும் கூட்டி, ஒவ்வொருவர் காதிலும் ஒரு கடிகாரத்தை வைத்து ‘கமடோரின் கடிகாரம்’ என்கிறார். கமடோரின் உறவுக்காரர் ஸ்வானி மட்டும் ‘இல்லை’ என்று உளறிவிடுகிறார், கமடோரின் கடிகாரம் உடைந்துபோனது கொன்றவனுக்குத்தானே தெரியும். யோசனை நல்ல யோசனைதான், ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்து எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது. ஸ்வானியாக ஃபிரெட் டிரேப்பர் நன்றாகவே நடித்திருக்கிறார், அதுவரைக்கும் அவரை ஓரமாக நிறுத்தி வைத்ததுதான் தப்பு. அதன் பிறகு கொலம்போ தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகும் காட்சி எனக்குப் பிடித்தது, தொடரே முடிந்ததோ என்று நினைக்கவைக்கிறது.

முடியவில்லை, நல்லவேளை. அதே வருஷம் அக்டோபரில் வில்லியம் ஷாட்னர் நடித்த ‘ஃபேட் இன் டு மர்டர்’ வந்தது, அதில் பழைய கொலம்போ திரும்பி வருகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைத் தயவுசெய்து முதலில் பார்த்துவிடாதீர்கள். ஒரு இருபது எபிசோடாவது பார்த்த பிறகு வாருங்கள், அப்போதுதான் அந்த முதல் பகுதி எப்படி ஏமாற்றுகிறது என்று ரசிக்க முடியும்.