ஜெட்டா, கார்புரேட்டரா, டிராக்ஸ் இன்ஜினா? ஒரு பழைய பென்ஸ் கூப்பேயின் பஞ்சாயத்து

பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையில் 1983-ஆம் வருஷத்து பென்ஸ் 230சிஇ ஒன்று நிற்கிறது. மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கூடவே கொண்டுவந்த வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு ஒன்பது வருஷம் கொப்பரை மூட்டைக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. நான் தார்ப்பாயை விலக்கியபோது பின்சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கதவோரத்துக் குரோம் பட்டையில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து மயில் கொத்திய வடுக்கள் வரிசையாக இருந்தன. அதெல்லாம் சரி பண்ணிவிடலாம். வண்டி கிளம்பவில்லை, அதுதான் சிக்கல்.

பார்க்க வந்த கோவை மெக்கானிக் பானட்டைத் தூக்கினார், ஒரு நிமிஷம் பார்த்தார், மூடினார். "ஏனுங்க தம்பி, இந்த ஜெட்டு கிட்டெல்லாம் கழட்டிக் கடாசீட்டு ஒரு கார்புரேட்டரப் போட்டுக்கோங்க. ரெண்டே நாளு. ராசாவாட்ட ஓடுமுங்க." ஜெட் என்று அவர் சொன்னது இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சி விடுகிற இன்ஜெக்ஷன் அமைப்பை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்ரோல் ஊத்தி உனக்குக் கட்டுமா கண்ணு? டிராக்ஸ் இன்ஜின எறக்கீரு. சென்மத்துக்கும் தொல்லையில்லை." டிராக்ஸ் என்பது பஜாஜ் டெம்போவின் டீசல் ஜீப் வகை வண்டி.

இருப்பதையே சரி செய்யலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் மூன்றையும் நானே உட்கார்ந்து எடை போட்டுப் பார்த்தேன். பழைய இறக்குமதி வண்டி வைத்திருக்கிற பலருக்கும் இதே பஞ்சாயத்துதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி நாலு வரி. பென்ஸ் இந்த இரண்டு கதவு கூப்பேயை 1977-இல் ஜெனீவா கண்காட்சியில் காட்டி, 1985 வரை தயாரித்தது. நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிற 123 வகை செடானின் தம்பிதான் இது. அச்சுக்கு அச்சு நீளத்தில் எட்டரை சென்டிமீட்டர் குறைவு, நடுவில் தூண் கிடையாது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டில் தடையே இருக்காது, காற்று அப்படியே குறுக்கே ஓடும். இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் செடானுடையதே என்பதால் அவற்றுக்குச் சாமான் கிடைத்துவிடும். கதவு, கண்ணாடி, அதைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் ஆகியவைதான் கூப்பேக்கென்றே தனி. அதில் கை வைக்கும்போது பர்ஸ் அழும்.

இருக்கிற ஜெட்டையே சரி செய்வது

இதில் இருப்பது பாஷ் கம்பெனியின் கே-ஜெட்ரானிக். பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று எல்லோரும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. பெட்ரோலை அளந்து விடுகிற வேலையில் மூளைப்பெட்டி எதுவும் கிடையாது. 'கே' என்பது ஜெர்மன் மொழியில் தொடர்ச்சியைக் குறிக்கிற சொல்லின் முதலெழுத்து. பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சாது, இன்ஜின் ஓடுகிறவரை நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

எனக்கு இது புரிந்தது வண்டிப் புத்தகத்தைப் படித்து அல்ல, தென்னைக்கு டிரிப் போட்டிருக்கிற அனுபவத்தில். நம் டிரிப் எப்படி? மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது, ஃபில்டர் மண்ணைப் பிடிக்கிறது, கேட்வால்வு லைன் லைனாகப் பிரித்து விடுகிறது, மரத்தடியில் சொட்டான் சொட்டுகிறது. இங்கேயும் அதே கதை. பின்னச்சுப் பக்கம் கரண்ட் பம்ப், அதையொட்டி அழுத்தத்தைத் தேக்கி வைக்கிற ஒரு சின்னக் குடுவை, ஃபில்டர். முன்னால் பெட்ரோலைப் பங்கு பிரிக்கிற இரும்புத் தலை. அதிலிருந்து நாலு சிலிண்டருக்கு நாலு குழாய், குழாய் முனையில் நாலு இன்ஜெக்டர். உள்ளே போகிற காற்று ஒரு வட்டத் தட்டைக் கீழே தள்ளுகிறது. தட்டு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பங்குத் தலைக்குள் இருக்கிற ஊசி மேலே ஏறி வழியைத் திறக்கிறது. இவ்வளவுதான் சங்கதி. 1937-லேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. பம்பும் பிரஷரும் தெரிந்த கைகள் தெருவுக்கு நாலு இருக்கிற அந்த ஊரில் இதைக் கண்டு பயப்படுவானேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பயத்துக்கு ஒரே மருந்து பிரஷர் கேஜ். கணபதியில் ஒரு லேத்தில் அடாப்டர் கடைந்து, 10 கிலோ வரை காட்டுகிற கேஜ் ஒன்றையும் அடைப்பு வால்வு ஒன்றையும் சேர்த்து ஒரு செட் பண்ணிக்கொண்டேன். லேத்துக்காரர் சாம்பிளை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தூரு மோட்டாருக்குங்க?" என்றார். பெட்ரோல் மோட்டாருக்கு என்றேன். அவருக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

இந்த கேஜைப் பங்குத் தலைக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டர் என்கிற குட்டிப் பெட்டிக்கும் நடுவில் மாட்ட வேண்டும். ரெகுலேட்டர் பக்கத்து வால்வை மூடினால் மெயின் பிரஷர் தெரியும், சுமார் 5 கிலோ இருக்க வேண்டும். வால்வைத் திறந்தால் ஊசியின் தலையை அழுத்துகிற கட்டுப்பாட்டுப் பிரஷர் தெரியும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் சுமார் மூன்றரைக்கு வந்து நிற்க வேண்டும். காலையில் சில்லென்று இருக்கும்போது அதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஊசி எளிதில் ஏறும், பெட்ரோல் தாராளமாகப் போகும். கார்புரேட்டரில் சோக் இழுப்பது போலத்தான்.

புது பம்பும் ஃபில்டரும் மாட்டியதும் என் வண்டியில் மெயின் பிரஷர் சரியாக வந்துவிட்டது. ஆனால் வால்வைத் திறந்தபோது பனிக்காலக் காலை ஆறரை மணிக்கே முள் மூன்றரையில் போய் நின்றது. அதாவது சோக்கே இல்லை. ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தால், வாயில் இருக்கிற கடுகளவு வலையில் பழுப்பாக வண்டல் அடைத்திருந்தது. ஊசிமுனையால் வலையை எடுத்து, கழுவி, திரும்ப மாட்டினேன். அடுத்த நாள் காலையில் முள் இறங்கியிருந்தது, வண்டியும் கிளம்பியது. டிரிப் ஃபில்டர் கழுவுகிற வேலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

கிளம்பியது, ஆனால் ஐட்லிங்கில் நிலையாக ஓடவில்லை. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறக்க வேண்டும். காற்றுக் கசிவு இல்லாத ஜெட் இன்ஜின் உடனே தடுமாறும். தடுமாறவில்லை என்றால் ஏற்கெனவே வேறெங்கோ அளக்கப்படாத காற்று புகுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது கொஞ்சம்கூட அசையவில்லை. தட்டுக்குக் கீழே இருக்கிற ரப்பர் பூட்டில், மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. முன்பு ஒரு பட்டறையில் இதைக் கவனிக்காமல், கசிவை ஈடுகட்ட பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கிற, 3 எம்எம் அலன் கீ போடுகிற மிக்சர் திருகைக் கண்டபடி முறுக்கி வைத்திருந்தார்கள். அந்தத் திருகுதான் கடைசியாகத் தொட வேண்டியது. கால் சுற்றுகூட அதிகம். கீ உள்ளே இருக்கும்போது ரேஸ் கொடுக்கவும் கூடாது.

ஜெட்டுக்கு உண்மையான எதிரி இன்றைய பெட்ரோல். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றில் மாதக்கணக்காக வண்டியை நிறுத்தினால் டேங்கில் தண்ணீர் சேர்ந்து, பங்குத் தலையின் ஊசியில் துரு பிடித்துவிடும். ஊசி இறுகினால் இந்த வழியின் செலவுக் கணக்கே தலைகீழாகிவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டராவது ஓட்டுவதுதான் பராமரிப்பு. பழைய ரப்பர் ஹோஸ் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ஹை பிரஷர் ரகத்துக்கு மாற்றிவிட வேண்டும். இன்னொன்று: 5 கிலோ அழுத்தத்தில் பெட்ரோல் பீறிட்டால் விளையாட்டில்லை. நான் முதல் வேலையாகச் சாளையிலிருந்து கொப்பரையையும் மட்டையையும் வெளியேற்றினேன், தீயணைப்பு சிலிண்டர் ஒன்றும் மாட்டினேன்.

கார்புரேட்டர் போடுவது

மெக்கானிக் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கார்புரேட்டருக்குக் கால் கிலோ பிரஷர் போதும். பல்லடம் ரோட்டில் நின்றாலும் தாராபுரத்தில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் உள்ளவன் கிளப்பிவிடுவான். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் துழாவினால் ஏதாவது ஒன்று அகப்படும்.

அந்த 'ஏதாவது ஒன்று'தான் எனக்கு இடிக்கிறது. ஜெட்டுக்கென்று வார்த்த இன்டேக் மேனிஃபோல்டில் வெறும் காற்றுதான் ஓடும், பெட்ரோல் சிலிண்டர் வாசலில்தான் சேரும். அதன் வாயில் கார்புரேட்டரை வைத்தால் நீளக் குழாயெல்லாம் பெட்ரோல் ஈரத்தோடு ஓட வேண்டும். ஒரு சிலிண்டருக்கு விருந்து, இன்னொன்றுக்குப் பட்டினி. சித்திரை வெயிலில் மிஸ்ஸிங், ஏசி போட்டால் ஆஃப்.

பவர் கணக்கையும் பாருங்கள். இதே கூப்பேயின் ஆரம்பகால 230சி, 2307 சிசி, ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர்: 109 குதிரை. பின்னால் வந்த 230சிஇ, 2299 சிசி, ஜெட்: 136 குதிரை. இன்ஜினும் புதுசு என்பதால் வித்தியாசம் முழுவதையும் ஜெட் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் எந்தத் திசையில் போகிறோம் என்பது தெரிகிறது.

போட்டே ஆக வேண்டுமென்றால் நேரான வழி ஒன்று உண்டு. என் வண்டியில் இருக்கிற எம்102 இன்ஜினின் தம்பியை பென்ஸே 200 செடானில் கார்புரேட்டரோடு விற்றது. அந்த மேனிஃபோல்டும் ஸ்ட்ராம்பர்க்கும் சேர்ந்து கிடைத்தால் அதைப் போடலாம். கழற்றிய ஜெட் சாமானை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பரண் மேல் வையுங்கள்.

டிராக்ஸ் டீசல்

அண்ணன் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் விசாரித்தால் அவ்வளவு கிறுக்குத்தனம் இல்லை. பென்ஸ் 240டி-யில் இருந்த ஓஎம்616 டீசல் இன்ஜினைத்தான் பஜாஜ் டெம்போ லைசென்ஸ் வாங்கி இங்கே தயாரித்தது. டிராக்ஸில் ஓடியது அந்த வம்சம்தான். அதாவது இறக்குவது அந்நிய இன்ஜின் இல்லை, பங்காளி வீட்டு இன்ஜின். பென்ஸே அமெரிக்காவுக்கென்று 300சிடி என்று ஒரு டீசல் கூப்பே விற்றிருக்கிறது. சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், எத்தனால் கவலையும் இல்லை.

ஆனால் 136 குதிரை இருந்த இடத்தில் சுமார் 70 குதிரை. ஆழியாறு தாண்டி வால்பாறை கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் வருகிற அரசு பஸ் ஹாரன் அடிக்கும். கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக் என்றால் இன்னொரு தலைவலி. பெட்ரோல் இன்ஜினின் வேக்குவத்தை வைத்துத்தான் அது எப்போது கியர் மாற்றுவது என்று முடிவு செய்யும். டீசலில் அந்த வேக்குவம் வராது. தனி வேக்குவம் பம்பும், டீசல் பம்பின் மேல் ஒரு கட்டுப்பாட்டு வால்வும் வைத்தால்தான் கியர் உதைக்காமல் விழும். ஆர்சி புத்தகத்தில் எரிபொருளும் இன்ஜின் நம்பரும் மாற வேண்டும். ஆர்டிஓ அனுமதி வாங்காமல் இறக்கினால் எஃப்சிக்குப் போகிற அன்று மாட்டிக்கொள்வோம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். இதெல்லாம் போகட்டும். நாலு கண்ணாடியும் இறக்கி, தூணில்லாத அந்தத் திறப்பில் கை வைத்துக்கொண்டு போகிற வண்டிக்குள் டெம்போ சத்தம் கேட்டால் கூப்பே எதற்கு?

யாருக்கு எது

தினமும் திருப்பூர் போய் வர வேண்டும், வண்டி நின்றால் பிழைப்பு கெடும் என்பவர் கூப்பே பக்கமே வரவேண்டாம், ஒரு டீசல் செடான் வாங்கிக்கொள்ளட்டும். ஊசி துருப்பிடித்து இறுகி, மாற்றுத் தலைக்குப் பணமும் இல்லை, வண்டி அசைந்தால் போதும் என்றால் 200 செடானின் மேனிஃபோல்டோடு கார்புரேட்டர். மற்றபடி ஜெட்தான். எதையும் கழற்றுவதற்கு முன்னால் கேஜ் வாங்குங்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

ஊசி இறுகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள கேஜ்கூட வேண்டாம். ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டு, லைனில் பிரஷர் ஏற்றி வைத்துக்கொண்டு, வட்டத் தட்டை விரலால் மெல்லக் கீழே அழுத்துங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான பாரம் கைக்குத் தெரிய வேண்டும், தேங்காய் எண்ணெயில் கரண்டியை இழுப்பது போல. நடுவில் எங்காவது பிடித்தால் ஊசிக்கு வைத்தியம் வேண்டும்.

இன்ஜினுக்கு முன்னால் துருவைப் பார்த்துவிடுவதும் நல்லது. ஜாக்கி போடுகிற குழாய்கள், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், சன்ரூஃப் இருந்தால் அதன் தண்ணீர் வடிகிற குழாய்கள், டிக்கிக்குள் இரண்டு பக்கத்துப் பள்ளங்கள். பட்டி போட்டு மூடி பெயிண்ட் அடிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். தகடு வெட்டி வெல்டிங் வைக்கிற டிங்கராக இருந்தால் காத்திருந்தாவது கொடுங்கள்.

ஜெட்டைத் தேர்ந்தெடுத்த என் வண்டியில் ஒரு குறை மட்டும் பாக்கி. பிரஷரைத் தேக்குகிற அந்தப் பின்னச்சுக் குடுவை சாகிற வயதில் இருக்கிறது. இன்ஜினை அணைத்ததும் முள் கடகடவென்று பூஜ்யத்துக்கு இறங்குகிறது. அந்தச் சூட்டில் குழாயில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகி, வண்டி கிளம்ப அடம் பிடிக்கிறது. புதுசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை உடுமலை போகிற வழியில் நிறுத்தினால் அஞ்சு நிமிஷத்துக்குள் டீயைக் குடித்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரவேண்டியதுதான்.