பெர்லின் தேர்தல் தரவுத் தொகுப்பு: தெரு அளவில் வரைபடம் வரைய விரும்புவோருக்கான மதிப்புரை

பெர்லின் நகரின் 12 மாவட்டங்களில் எந்தக் கட்சி முதலிடம் பெற்றது என்பதைக் காட்டும் வரைபடங்கள் தேர்தல் இரவிலேயே நாளிதழ்களில் வந்துவிடுகின்றன. ஒரு மாவட்டத்துக்குள் எந்தக் குடியிருப்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அறிய விரும்புவோர் மூலத் தரவைத்தான் நாட வேண்டும். நகரமாகவும் மாநிலமாகவும் விளங்கும் பெர்லினின் மாநிலத் தேர்தல் அதிகாரியும் பெர்லின்-பிராண்டன்பர்க் புள்ளியியல் அலுவலகமும் அந்தத் தரவை யாரும் பயன்படுத்தும்படி இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். 2021 தேர்தல் செல்லாததாக்கப்பட்டதால் 2023 பிப்ரவரி 12 அன்று நடந்த மறுதேர்தலின் தொகுப்பை எடுத்து, க்யூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் வரைபடங்களாக்கிப் பார்த்தபின் எழுதப்படும் மதிப்புரை இது.

தொகுப்பில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, முடிவுகள் அடங்கிய எக்செல் கோப்பு. மற்றொன்று, வாக்குச்சாவடிப் பகுதிகளின் எல்லைகள் அடங்கிய ஷேப்ஃபைல் என்னும் வரைபடக் கோப்பு. எக்செல் கோப்பில் மாநிலப் பேரவைக்கான முதல் வாக்கு (தொகுதி வேட்பாளருக்கு), இரண்டாம் வாக்கு (கட்சிக்கு), மாவட்டப் பேரவைகளுக்கான வாக்கு ஆகிய மூன்றும் தனித்தனித் தாள்களில் தரப்பட்டுள்ளன. நகரின் 2,250-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிப் பகுதிகளும், அவற்றோடு தபால் வாக்குகளை எண்ணும் பகுதிகளும் ஆளுக்கொரு வரியாக நிற்கின்றன. ஒவ்வொரு வரியிலும் வாக்காளர் எண்ணிக்கை, வாக்களித்தோர், செல்லாத வாக்குகள், கட்சிவாரி வாக்குகள் எல்லாம் முழு எண்களாகவே இருக்கின்றன. விழுக்காட்டை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அலுவலகங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

என்னை மிகவும் கவர்ந்தது, அந்தப் பகுதி முன்பு கிழக்கு பெர்லினில் இருந்ததா மேற்கு பெர்லினில் இருந்ததா என்று குறிக்கும் ஒரே ஒரு நெடுவரிசை. 2001-ஆம் ஆண்டு 23 மாவட்டங்கள் 12 ஆகக் குறைக்கப்பட்டபோது, கிழக்கிலிருந்த பழைய மிட்டே மேற்கிலிருந்த வெட்டிங், டியர்கார்ட்டன் ஆகியவற்றோடும், கிழக்கிலிருந்த ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் மேற்கிலிருந்த குரோய்ட்ஸ்பெர்க்கோடும் இணைக்கப்பட்டன. ஆகவே மாவட்ட எல்லைகளை மட்டும் வைத்துக்கொண்டு கிழக்கு, மேற்கு வேறுபாட்டை ஆராய்பவர் இந்த இரண்டு மாவட்டங்களிலும் தடுமாறுவார். இந்த நெடுவரிசை இருப்பதால், நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் மதில் நின்ற எல்லைக்கோட்டை வரைபடத்தில் மறுபடியும் வரைந்து, இடதுசாரிக் கட்சியின் வாக்கு இன்னும் அந்த எல்லைக்கோட்டை மதிக்கிறதா, பசுமைக் கட்சியின் வாக்கு எங்கே அதைத் தாண்டுகிறது என்று சாவடி சாவடியாகப் பார்த்துவிட முடிகிறது.

முடிவுகளையும் எல்லைகளையும் இணைப்பது சிரமமான வேலையன்று. ஆனால் கவனம் வேண்டும். மாவட்ட எண்கள் 01 முதல் 12 வரை இரண்டு இலக்கங்களாக எழுதப்பட்டுள்ளன. கோப்பை அவசரமாக வேறு வடிவத்துக்கு மாற்றினால் முன்னிற்கும் பூஜ்யம் காணாமற்போய், மிட்டே முதலான ஒன்பது மாவட்டங்களும் வரைபடத்தில் வெறுமையாக நிற்கும். அந்த நெடுவரிசையை எண்ணாக அல்லாமல் எழுத்தாகவே திறந்தால் தீர்ந்தது. விளக்கக் குறிப்புகள் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன. சுருக்கக் குறியீடுகளின் பொருளை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இத்தொகுப்பின் மெய்யான சவால் தபால் வாக்கு. பெர்லினில் வாக்களிப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தபாலில் வாக்களிக்கிறார்கள். அந்த வாக்குகள் சாவடிவாரியாக எண்ணப்படுவதில்லை. வாக்கின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதாலும் எண்ணும் வசதிக்காகவும் பல சாவடிப் பகுதிகளின் தபால் வாக்குகள் ஒன்றாகச் சேர்த்து எண்ணப்படுகின்றன. இதை மறந்து சாவடியில் விழுந்த வாக்கை மட்டும் வரைபடமாக்கினால் படம் கூர்மையாகத் தெரியும். ஆனால் அது சாய்ந்த படமாகவே இருக்கும். ஏஎஃப்டி என்னும் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு வாக்களிப்போர் தபாலைவிடச் சாவடியையே அதிகம் நாடுவதால், மார்ட்சான்-ஹெல்லர்ஸ்டார்ஃப் போன்ற மாவட்டங்களில் அந்தக் கட்சியின் நீல நிறம் உள்ளதைவிட அடர்த்தியாகத் தோன்றும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு சாவடியும் எந்தத் தபால் எண்ணிக்கைப் பகுதியைச் சேர்ந்தது என்ற குறிப்பு தொகுப்பிலேயே இருப்பதால், சாவடிப் பகுதிகளை அந்த அளவுக்கு ஒன்றிணைத்து இரு வகை வாக்குகளையும் கூட்டிவிடலாம். படம் சற்றுப் பெரிய துண்டுகளாக வரும், ஆனால் ஒரு வாக்கும் விடுபடாது. அல்லது, ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை பேர் தபால் வாக்குக்கான சான்று பெற்றார்கள் என்ற எண்ணைக் கொண்டு தபால் வாக்குகளைச் சாவடிகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம். படம் நுட்பமாக வரும், ஆனால் அது கணிப்பே ஒழிய முடிவு ஆகாது. என் பரிந்துரை முதல் வழிதான். இரண்டாம் வழியைக் கையாள்வோர் அதை வரைபடத்தின் அடியிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். அப்படி எழுதாமல் வெளியிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

தபால் வாக்கில் ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பவர்களுக்கு 2023 தேர்தலே பதில் சொல்லும். இரண்டாம் வாக்கில் சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடியும் பசுமைக் கட்சியும் ஆளுக்கு 18.4 விழுக்காடு பெற்றன. இறுதி எண்ணிக்கையில் இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடு 53 வாக்குகள். லிஷ்டன்பெர்க் மாவட்டத்தில் தேர்தல் இரவில் எண்ணப்படாமல் கிடந்து, பின்னர் எண்ணப்பட்ட தபால் வாக்குகளோ 466.

நிறம் தீட்டும்போது இன்னொரு பொறுப்பு வந்து சேர்கிறது. முதலிடம் பெற்ற கட்சியின் நிறத்தை மட்டும் நிரப்பினால், சமமான வாக்கு பெற்ற அந்த இரு கட்சிகளில் ஒன்று நகரின் நடுவே பச்சைத் தீவாக எழுந்து நிற்க, மற்றொன்று ஏறத்தாழ மறைந்தே போகிறது. முதல் வாக்கால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நேரடித் தொகுதிகள் 78-இல் பசுமைக் கட்சி 20-ஐ வென்றபோது எஸ்பிடி வென்றவை 4 மட்டுமே. எஸ்பிடியின் வாக்கு நகரெங்கும் பரவலாக, பெரும்பாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கிடந்தது. கட்சிக்கொரு வரைபடமாக, வெளிறிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறம்வரை படிப்படியாகத் தீட்டினால்தான் அது கண்ணுக்குப் புலப்படும்.

பரப்பளவும் கண்ணை ஏமாற்றும். ஏறத்தாழ 168 சதுர கிலோமீட்டர் பரந்த ட்ரெப்டோ-கோப்பெனிக்கிலும், சுமார் 20 சதுர கிலோமீட்டரே உள்ள ஃபிரீட்ரிக்ஸ்ஹைன்-குரோய்ட்ஸ்பெர்க்கிலும் வாழ்வோர் தொகை ஏறத்தாழ ஒன்றுதான், மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முன்னதில் பெரும்பகுதி காடும் ஏரியும். குரூனவால்ட் காடும், 2008-இல் மூடப்பட்ட டெம்பிள்ஹோஃப் விமான நிலையத்தின் வெட்டவெளியும் ஏதோ ஒரு சாவடிப் பகுதிக்குள் அடங்குவதால் அவையும் கட்சி நிறம் பூசிக்கொள்கின்றன. மரங்கள் வாக்களிப்பதில்லை. காடு, நீர்நிலை, பூங்கா ஆகியவற்றை மேலே ஓர் அடுக்காக வைத்து மறைத்துவிட்டால், கறுப்பு நிறம் கொண்ட கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியான சிடியு நகரையே விழுங்கிவிட்டது போன்ற தோற்றம் கணிசமாகக் குறைகிறது. 12 மாவட்டங்களில் 9-இல் அக்கட்சி முதலிடம் பெற்றது உண்மை. ஆனால் நகர் முழுவதும் அது பெற்றது 28.2 விழுக்காடு.

இத்தொகுப்பின் தனிச்சிறப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுவாக ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் சாவடி எல்லைகள் மாறிவிடுவதால் நேரடியாக ஒப்பிட முடியாது. 2021 செப்டம்பர் 26 தேர்தலோ, வாக்குச்சீட்டுத் தட்டுப்பாடும் நீண்ட வரிசைகளும் காரணமாகப் பெர்லின் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் 2022 நவம்பர் 16 அன்று செல்லாததாக அறிவிக்கப்பட்டது. மறுதேர்தல் அதே தொகுதிகளில், பெரும்பாலும் அதே சாவடிப் பகுதிகளில் நடந்தது. ஆகவே, வாக்களித்தோர் விகிதம் 75.4-இலிருந்து 62.9 விழுக்காடாக எங்கே எவ்வளவு சரிந்தது, சிடியு எந்தக் குடியிருப்பில் கூடியது என்பதையெல்லாம் பகுதிவாரியாகக் கழித்துப் பார்க்கலாம். நகர ஆய்வாளருக்கு இத்தகைய வாய்ப்பு அரிது.

மாவட்டப் பேரவைத் தாளையும் மாநிலப் பேரவைத் தாளையும் ஒப்பிடுவோர் வாக்காளர் வேறுபாட்டை மறக்கக்கூடாது. 2023-இல் மாவட்டப் பேரவைக்கு 16 வயது நிரம்பியோரும் பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரும் வாக்களித்தார்கள். மாநிலப் பேரவைக்கு 18 வயது நிரம்பிய ஜெர்மன் குடிமக்கள் மட்டுமே. இந்தியா, துருக்கி, சிரியா போன்ற நாடுகளின் கடவுச்சீட்டோடு வாழ்வோருக்கு இரண்டிலும் இடமில்லை. வெட்டிங், வடக்கு நோய்க்கோல்ன் பகுதிகளில் அவர்கள் மிகுதி என்பதால், வாக்களித்தோர் விகிதத்துக்குப் பக்கத்தில் குடியிருப்போரில் வாக்குரிமை பெற்றோர் எத்தனை பேர் என்ற வரைபடத்தையும் வைப்பதே முறை. மக்கள்தொகை எண்கள் அதே புள்ளியியல் அலுவலகத்தில் கிடைக்கின்றன.

அடுத்த தேர்தல் நாளாக 2026 செப்டம்பர் 20 குறிக்கப்பட்டுள்ளது. மாநிலப் பேரவைக்கும் வாக்குரிமை வயது 16 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. வரைபடத்தில் ஆர்வமுள்ளோர் 2021, 2023 ஆகிய இரண்டு தொகுப்புகளையும் அவற்றின் எல்லைக் கோப்புகளோடு இப்போதே தரவிறக்கிப் பயில்வதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.