குறைந்த விலை டேக் வாங்கவிருப்போர் கவனத்திற்கு: என் 16,800 ரூபாய் போன விதம்

வீட்டு இசைக்காக இருபதாயிரம் ரூபாய்க்குள் டேக் (DAC, கணினியிலுள்ள டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலி அலையாக மாற்றும் கருவி) தேடுபவர்கள், ஒலிக்கருவிகளை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் இணையக் கடைகளில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஒரு கடையிடம் 16,800 ரூபாயை இழந்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற கடைசிப் பதில் நேற்றிரவுதான் வந்தது. இந்த விலையில் கிடைக்கும் டேக்குகளின் ஒலித்தரத்தை ஒப்பிட்டு எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த அறிவுரையைக் கடைசியில் தருகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கோத்தகிரியில் இருப்பவர்கள் இத்தகைய கருவியை நேரில் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கிக் கோயம்புத்தூர் வரை போக வேண்டும். அதனால் விற்பவரின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பவை பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், சிறிய ஸ்பீக்கர் ஜோடி, குறுந்தகடுகளிலிருந்து மடிக்கணினியில் ஏற்றி வைத்த இசை, அதைக் கேட்க இதுவரை பயன்பட்ட ஒரு மலிவான டாங்கிள் (மடிக்கணினியில் செருகும் சிறு டேக்) ஆகியவைதாம். இவற்றையெல்லாம் கடைக்காரர் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டறிந்தார். நான் முதலில் விசாரித்தது 28,000 ரூபாய்க் கருவியை. "சார், அது உங்களுக்கு வேண்டாம், காசு வீண்" என்று அவரே தடுத்து, 16,800 ரூபாய்க் கருவியைக் காட்டினார். கூடுதல் லாபத்தை வேண்டாமென்று சொல்பவரை யார் சந்தேகிப்பார்கள்? ஜப்பானில் அசாஹி கசெய் குழுமத்தின் நோபெயோகா ஆலை, டேக்குகளுக்கான சில்லுகளைத் தயாரித்து வந்தது, 2020 அக்டோபரில் தீப்பிடித்ததையும், அதன் பின் பல தயாரிப்பாளர்கள் ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் சில்லுகளுக்கு மாறியதையும் விளக்கி, இந்தக் கருவியில் இருப்பது அந்த நிறுவனத்தின் ஈஎஸ்9038கியூ2எம் என்ற சில்லு என்றார். தீவிபத்தும் சில்லு மாற்றமும் உண்மையான செய்திகள். உண்மையைப் பேசி நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு, அதன் மறைவில் பொய்ச் சரக்கைத் தள்ளிவிடுவதுதான் இவர்களின் வழி என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. மூன்று டேக்குகளின் ஒலியையும் பதிவு செய்து, நீங்களே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள் என்று அனுப்பினார். அவற்றுள் 16,800 ரூபாய்க் கருவியின் பதிவே மிகத் தெளிவாகவும் ஆழமாகவும் கேட்டது. இப்போது அக்கோப்புகளைக் கணினியில் அளந்து பார்த்தால், அந்த ஒரு பதிவு மட்டும் மற்ற இரண்டையும்விட ஏறத்தாழ 2 டெசிபெல் உரக்க இருக்கிறது. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காது சத்தம் என்று உணராமல் தரம் என்றே உணரும். ஆகவேதான் டேக்குகளை முறையாக ஒப்பிடுபவர்கள் ஒலியளவை 0.1 டெசிபெல் அளவுக்குச் சமன்செய்த பிறகே கேட்கத் தொடங்குகிறார்கள். மேலும், அனுப்பப்பட்ட பதிவை நாம் கேட்பது நம்மிடம் இருக்கும் டேக்கின் வழியாகவே. தொழில் தெரிந்த ஒருவர் இதை அறியாமல் செய்திருக்க முடியாது.

கருவி வந்த இரவே குறை தெரிந்துவிட்டது. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் விளம்ப கால (மிக மெதுவான) பாட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே தம்புரா மட்டும் ஒலிக்கும் நீண்ட இடைவெளிகள் உண்டு. அங்கேதான் ஒரு கருவியின் இரைச்சல் வெளிப்படும். இந்தப் பெட்டியில் அந்த இடைவெளிகளில் ஓயாத சீறலும், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் மெல்லிய கிறீச்சொலியும் கேட்டன. அதே கம்பிகள், அதே ஆம்ப்ளிஃபயருடன் பழைய டாங்கிளை மாட்டினால் முழு அமைதி.

புகார் சொன்னபோது, 200 மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பண்பட்டுவிடும் என்றார்கள். இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடினாலும் 200 மணி நேரம் என்பது எட்டு நாட்களைத் தாண்டும். அந்தக் கடையில் திருப்பியனுப்ப அனுமதிக்கும் காலமோ 7 நாட்கள். கெடு முடிந்த பிறகு குரலே மாறிவிட்டது. மலைப்பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இரைச்சல் வருகிறது என்றார்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும் மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்தபோதும் அதே இரைச்சல் கேட்பதைக் காணொளியாக அனுப்பினேன். அதற்குப் பதிலாக, நீலகிரியின் ஈரப்பதம் உள்ளே புகுந்திருக்கும், ஈரத்தால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று எழுதினார்கள். நாங்கள் வாழும் ஊரையே குற்றவாளியாக்கிப் பணத்தை விழுங்கும் இந்தத் துணிவுதான் 16,800 ரூபாயைவிட என்னை அதிகம் கொதிக்க வைக்கிறது.

உத்தரவாதம் இல்லை என்று அவர்களே எழுதிவிட்டதால், ஊரிலுள்ள ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துப் பெட்டியைத் திறந்தேன். சில்லின் மீது 9038 என்று அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஈஎஸ்9038கியூ2எம் பக்கவாட்டில் கால்கள் நீளாத, தட்டையான சில்லு. இதிலோ இருபுறமும் பத்துப் பத்துக் கால்கள் நீண்டிருந்தன. ஸ்டிக்கரை உரித்தபோது அடியில் பிசிஎம்5102ஏ என்று தெளிவாகத் தெரிந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிக்கும் அந்தச் சில்லு மோசமானதன்று; நல்ல மின்வழங்கலோடு அமைத்தால் வீட்டுக்குப் போதுமான ஒலியைத் தரக்கூடியது. ஆனால் அது பொருத்திய பலகை சில நூறு ரூபாய்க்கே விற்கிறது, அதற்கு நான் கொடுத்தது 16,800 ரூபாய். பெட்டியின் மேல் 768 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி மாதிரிகள் என்ற அளவு) என்று அச்சிட்டிருக்க, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இக்கருவி ஏற்காது என்று என் லினக்ஸ் கணினி காட்டுகிறது. குறுந்தகட்டின் 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் இசைக்கு அது தாராளம்தான். ஆயினும் அச்சிட்டது பொய். படங்களை அனுப்பியபோது, திறந்த கருவிக்குப் பணம் திரும்பாது என்ற ஒற்றை வரியோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

விரிவான ஒப்பீட்டை எழுதும் மனநிலை இப்போது இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சில்லின் பெயரைப் பார்த்து டேக் வாங்காதீர்கள், மின்வழங்கலும் பலகை அமைப்பும்தான் இரைச்சலைத் தீர்மானிக்கின்றன. விற்பவர் அனுப்பும் ஒலிப்பதிவை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். வீட்டில் ஒப்பிடும்போது ஒரே சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து அளவைச் சமன்செய்த பின் கேளுங்கள். ஓடவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே திருப்பியனுப்புங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே காணொளி எடுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், கடை எந்த ஊரில் இருந்தாலும் தயங்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கே புகாரைப் பதிவு செய்துவிட்டேன், அடுத்ததாக உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.